எண்ணூறு ஹெக்டேர் கருணை

அவர்கள் நாடோடிகள், காட்டைக் கொளுத்துகிறவர்கள், எழுத்து வாசனை இல்லாதவர்கள், பிடித்து ஓரிடத்தில் உட்கார வைத்தால்தான் உருப்படுவார்கள். மலைக்குடிகளைப் பற்றி எந்த நாட்டு அதிகாரி வாயைத் திறந்தாலும் இதே பல்லவிதான். பிலிப்பைன்ஸில் இந்தப் பல்லவிக்கு உச்ச நீதிமன்றத்தின் முத்திரையே விழுந்திருக்கிறது. 1919 மார்ச் 7 அன்று வெளியான ரூபி வழக்குத் தீர்ப்பைச் சொல்கிறேன். படித்த நாள் முதல் அது எனக்குச் செரிக்கவில்லை.

மிண்டோரோ தீவின் மங்யான்கள் இராயா, அலங்கான், புஹித், ஹனுனுவோ முதலிய எட்டுக் குழுக்களாக வாழ்கிறவர்கள். 1917-இல் மாகாண வாரியம் நௌஹான் ஏரியோரம் டிக்பாவில் 800 ஹெக்டேரை ஒதுக்கியது; டிசம்பர் 31-க்குள் அங்கே குடிபோங்கள் என்று மாகாண ஆளுநர் உத்தரவிட்டார். மறுத்தால் 60 நாள் வரை சிறை. தப்பி ஓடிய ஒருவரை மாகாணத் தலைநகரான காலபானின் சிறையில் அடைத்தும் விட்டார்கள். ரூபி என்ற மங்யானும் பிறரும் இதை எதிர்த்து வழக்காடியபோது, எல்லாம் அவர்கள் நன்மைக்காகவே என்றார் தீர்ப்பை எழுதிய அமெரிக்க நீதிபதி ஜார்ஜ் மால்கம். தன் நாட்டில் செவ்விந்தியர்களை அடைத்துவைத்ததை முன்னுதாரணமாகக் காட்டவும் அவருக்குக் கூச்சமில்லை.

நாடோடிப் பட்டத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரு புனத்தை ஆறப்போட்டுவிட்டு அடுத்த புனத்துக்குப் போகிறவன் நாடோடி என்றால், தரிசு விடுகிற எல்லாக் குடியானவனும் நாடோடிதான்.

காட்டைக் கொளுத்துகிறார்கள் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. காட்டை வெட்டிச் சுட்டுப் பயிர் வைப்பதற்குப் பிலிப்பைன்ஸில் காயிங்கின் என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டாலே வனத்துறைக்கு மூக்கு விடைக்கும். 1975-இன் வனச் சட்டமும் அதைக் குற்றமாகத்தான் எழுதிவைத்தது. கொளுத்துகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தவர் மானிடவியலாளர் ஹெரால்டு காங்க்ளின். ஹனுனுவோ மக்களின் யாகாவ் பகுதியில் தங்கி அவர் எழுதிய நூலை 1957-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பே வெளியிட்டது. அதில் தெரிகிறவர்கள் தீவைத்துவிட்டு ஓடுகிறவர்கள் அல்லர். முதலில் அடிக்காட்டைச் செதுக்குகிறார்கள், பிறகு மரம் வெட்டுகிறார்கள், வேண்டிய மரத்தை விட்டுவைக்கிறார்கள். வெட்டியது வாரக்கணக்கில் காய்கிறது. தீ வைக்கும் முன் புனத்தைச் சுற்றி ஒரு வரப்பு அகலத்துக்கு மேலாகவே சருகை வழித்து வெறுந்தரையாக்கி விடுகிறார்கள். தீ பக்கத்துக் காட்டுக்குத் தாவக்கூடாது அல்லவா? சாம்பல்தான் உரம். ஆண்கள் கழியால் குழி குத்திக்கொண்டு போக, பின்னாலேயே வருகிறவர்கள் நெல்லைப் போடுகிறார்கள். நெல் மட்டுமா? ஒரே புனத்தில் சோளம், பயறு, வள்ளி, சேம்பு, வாழை என்று நாற்பதுக்கு மேற்பட்ட பயிர்கள் அடுக்கடுக்காக நிற்கும். மழை நேராக மண்ணில் விழ இடமே இருக்காது. ஓரிரு வருடம் எடுத்த பிறகு, காடு திரும்ப வளரும்வரை புனத்துக்கு நீண்ட ஓய்வு. நெல்லில் மட்டும் தொண்ணூறுக்கு மேற்பட்ட வகைகளையும், செடிகொடிகளில் 1,600-க்கு மேற்பட்ட வகைகளையும் அவர்கள் பெயர் சொல்லிப் பிரித்தறிந்தார்கள். அதே செடிகளைத் தாவரவியலார் எண்ணினால் அவ்வளவு இனங்கள் தேறவில்லை. காட்டைப் பற்றிப் பாடம் எடுக்க இவர்களிடம் போனது யாராம்? காலபான் அலுவலகத்து எழுத்தர்!

ஓய்வுக்காலம் சுருங்கினால் காடு கெடும் என்பார்கள். கெடும்தான். சுருக்கியது யார்? தாழ்நிலத்தில் குடியேறியவர்கள் நிலத்தை வளைக்க வளைக்க, மங்யான்கள் மேலே மேலே ஏறினார்கள். தீர்ப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதே மிண்டோரோவில் சான் ஹோசே பண்ணையின் 22,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் அமெரிக்கச் சர்க்கரை முதலாளிகளின் கைக்குப் போனது. அது வளர்ச்சி. தீவின் பூர்வகுடிக்கு 800 ஹெக்டேர். அது கருணை.

எழுத்து வாசனை? ஹனுனுவோவும் புஹித்தும் தங்கள் சொந்த எழுத்தை மூங்கிலில் கத்தி முனையால் கீறுகிறவர்கள். வரிக்கு ஏழு அசையாக அம்பஹான் பாட்டைப் பொறித்துக் காதல் தூது விடுவார்கள். பள்ளிக்கூடம் எட்டிப்பார்க்காத மலையில் பையனும் பெண்ணும் எழுத்துப் பழகியது இதற்காகத்தான். யுனெஸ்கோ 1999-இல் இந்த எழுத்துகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கடைசியாக அந்த நன்மை. ரூபி தீர்ப்பு வந்து பதினெட்டே நாளில், மார்ச் 25 அன்று, அதே மால்கம் இன்னொரு தீர்ப்பு எழுதினார். மணிலா மேயர் ஹுஸ்தோ லுக்பான் 170 பாலியல் தொழிலாளிப் பெண்களை இரவோடிரவாகக் கப்பலேற்றித் தாவோவுக்கு அனுப்பியிருந்தார். நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், குடிமக்களை விருப்பமில்லாமல் இடம்பெயர்க்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை என்று மேயரை மால்கம் வெளுத்து வாங்கினார். அருமையான தீர்ப்பு, குறையே சொல்லமாட்டேன். மூன்று வாரம்கூட ஆகாத முந்தைய தீர்ப்பின் மை அதற்குள் எப்படி உலர்ந்தது என்றுதான் தெரியவில்லை. மேயர் வழக்கில் சட்டம் இல்லை, மங்யான் வழக்கில் சட்டம் இருந்தது என்று வக்கீல்கள் விளக்குவார்கள். இருந்தது. மங்யான்களைக் கேட்டா அதை எழுதினார்கள்?

1997-இல் பூர்வகுடி உரிமைச் சட்டம் வந்து மூதாதையர் நிலம் அவர்களுடையதே என்று ஒப்புக்கொண்டது. ரூபி வழக்கோ இன்னும் சட்டக் கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது. சட்டமன்றம் தன் அதிகாரத்தை அடுத்தவருக்குக் கைமாற்றலாமா என்ற கேள்விக்கு மாணவர்கள் அதை எடுத்துக்காட்டாக எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள்.