கேப்பாப்புலவுக்குப் போன பஸ்

2021 ஜூலை 8. நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில், பத்தரமுல்லை பொல்துவ சந்திப் பக்கமாக ஆசிரியர்களும் மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் பதாகைகளோடு திரண்டிருந்தார்கள். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலம் நிறைவேறினால் இலவசக் கல்வி மெல்லக் கைநழுவும், உயர்கல்விக்குள் இராணுவம் கால் வைக்கும் என்பது அவர்களுடைய கவலை. பொலிஸார் சுமார் முப்பது பேரைப் பிடித்தார்கள். விவகாரம் கடுவெல நீதவானிடம் போனது. நீதவான் பிணை கொடுத்தார். இவர்களைத் தனிமைப்படுத்த உத்தரவிடுங்கள் என்று பொலிஸார் கேட்டதை அவர் ஏற்கவில்லை.

வழக்கமாக இத்தகைய கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். பிணையில் வந்தவர் கமெராக்களுக்கு முன்னால் நாலு வார்த்தை காரமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவார். அன்று பஸ் காத்திருந்தது. ஏற மறுத்தவர்களை இழுத்தும் தூக்கியும் ஏற்றிய காட்சிகளைத் தொலைபேசியில் நாடே பார்த்தது. இலங்கை ஆசிரியர் சங்கப் பொதுச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்பட 16 பேர் சுமார் முந்நூறு கிலோமீற்றர் தாண்டி முல்லைத்தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இறக்கிய இடம் கேப்பாப்புலவு விமானப்படை முகாம். காரணம் கேட்டால் ஒரே சொல்: தனிமைப்படுத்தல்.

பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டத்தைத் தடுக்கலாமா என்ற கேள்வியில்தான் நம் விவாதங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன. அது அவ்வளவு கடினமான கேள்வி அல்ல. தடுக்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுக்கும் அமைதியாகக் கூடுவதற்கும் உரிமை தருகிறது. 15(7) பொதுச் சுகாதாரத்தின் பொருட்டு அதை மட்டுப்படுத்தவும் இடம் தருகிறது. ஆனால் அந்த மட்டுப்பாடு சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஜூலை 6ஆம் திகதி வந்தது என்ன? சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் பொலிஸ் மா அதிபருக்கு எழுதிய ஒரு கடிதம். மறு அறிவித்தல் வரை ஆர்ப்பாட்டங்களுக்கும் கூட்டங்களுக்கும் இடமில்லை என்று அது சொன்னது. ஒரு திணைக்களத் தலைவர் இன்னொரு திணைக்களத் தலைவருக்கு எழுதும் கடிதத்தால் அடிப்படை உரிமை ஒன்று நின்றுபோகுமானால், வர்த்தமானி எதற்கு, நாடாளுமன்றம் எதற்கு?

இதற்கு முன்மாதிரி இருந்தது. 2020 மார்ச் 20 மாலை தொடங்கிய ஊரடங்கு எந்தச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்பட்டது என்று சட்டத்தரணிகள் அப்போதே கேட்டார்கள். தெளிவான பதில் வரவில்லை. சில மாதங்களில் அறுபதாயிரத்துக்கும் அதிகமானோர் அதை மீறியதாகப் பிடிபட்டார்கள். அந்த ஜூனில், ஜோர்ஜ் ஃப்ளொய்ட் கொலையைக் கண்டித்துக் கொழும்பில் இறங்கிய முன்னிலை சோசலிசக் கட்சியினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. வேறொரு நாட்டுப் பொலிஸின் முரட்டுத்தனத்தைக் கண்டிக்க வந்தவர்களை நம் பொலிஸ் எப்படி ஏற்றியது என்பதற்கும் காணொளி இருக்கிறது.

ஆனாலும் கடுவெலவில் நடந்தது வேறு வகை. அங்கே கூட்டம் ஏற்கெனவே கலைந்துவிட்டது. ஆட்கள் நீதிமன்றக் காவலுக்குள் வந்து, நீதவானின் வாயால் வெளியேயும் போய்விட்டார்கள். காவலில் உள்ளவரை நீதிபதியின் கட்டளை இல்லாமல் மேலும் தடுத்து வைக்கக்கூடாது என்கிறது 13(2). அந்தக் கதவு மூடிக் கிடந்ததால் பொலிஸ் பக்கத்துக் கதவால் போனது. தனிமைப்படுத்தல் என்று பெயர் வைத்தால் அது தடுப்புக்காவல் இல்லை. தடுப்புக்காவல் இல்லாவிட்டால் நீதிபதி வேண்டியதில்லை. இந்தத் தர்க்கத்தின் ஆபத்து, பிடிபட்ட 16 பேரோடு நின்றுவிடுவதில்லை. பிணை என்ற சொல்லின் பெறுமதியையே அது குறைத்துவிடுகிறது.

தனிமைப்படுத்தல் உண்மையில் எப்படி நடந்தது என்பது நம் ஒவ்வொரு தெருவுக்கும் தெரியும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், ஊர்வாயில் பிஎச்ஐ, மோட்டார் சைக்கிளில் வருவார். யாரோடு பேசினீர்கள், எத்தனை நிமிடம், முகக்கவசம் போட்டிருந்தீர்களா என்று வாசலில் நின்றபடி கேட்டுக் குறித்துக்கொள்வார். பிறகு கேற்றில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போவார். தொற்றியவரோடு பழகியவரைப் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன காலம் அது. அந்தக் கேள்விகளில்தான் மருத்துவம் இருந்தது: யாரிடமிருந்து, எப்போது, எவ்வளவு நேரம். பொல்துவ சந்தியில் நின்றவர்களுக்கு அந்தக் கேள்விகளின் இடத்தில் பஸ் வந்தது. அவர்கள் தொற்று அபாயமுள்ளவர்கள் என்றால், கைகோத்து இழுத்து ஏற்றிய பொலிஸார் யார்? அவர்களுடைய கேற்றில் அறிவித்தல் ஒட்ட எந்த பிஎச்ஐ போனார்?

அதே ஜூலை 8இல் பஸில் ராஜபக்ஷ நிதி அமைச்சராகப் பதவியேற்றார். ஆதரவாளர்கள் ஊரூராகப் பட்டாசு கொளுத்தினார்கள், பால்சோறு பகிர்ந்தார்கள். பால்சோறு கையால் உண்பது. கிருமி அதைக் கவனிக்கவில்லை போலும்.

நோய்தான் காரணமா என்பதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல உரைகல், கூட்டமே இல்லாத ஒரு போராட்டம். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் கட்டாயமாக எரித்த காலத்தில், 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. மக்கள் பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். கபன் துணியை நினைவூட்டும் சிறு துண்டுகள். ஒருவர் வருவார், முடிச்சுப் போடுவார், போய்விடுவார். முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. கோஷமில்லை, நெரிசலில்லை. உலக சுகாதார நிறுவனமே மேடை போட்டு நடத்தியிருந்தாலும் இதைவிட இடைவெளி விட்டிருக்க முடியாது. ஓரிரு நாளில் அந்தத் துணிகள் காணாமற்போயின. துணியால் யாருக்கும் தொற்றாது என்பது அவிழ்த்தவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கும்.

வடக்கு கிழக்கில் இதற்குள் எல்லாம் பழகிப்போயிருந்தது. 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை நடந்த பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியைத் தடுக்க, பொலிஸார் பல நீதிமன்றங்களில் பெயர் பெயராகத் தடையுத்தரவு வாங்கினார்கள். சொன்ன காரணங்களில் கொவிட்டும் ஒன்று. பேரணி நின்றுவிடவில்லை. மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு முந்தைய இரவு, தொற்று கூடிவிட்டது என்று முல்லைத்தீவின் சில பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. தொற்று உண்மையாகவே கூடியிருக்கலாம். அதைப் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முந்தைய ஆண்டுகள் பலவற்றிலும் அந்த நாளில் ஏதோ ஒரு காரணம் சொல்லி வழி மறிக்கப்பட்டவர்களிடம், இந்த முறை மட்டும் காரணம் உண்மையானது என்று எப்படி நம்பச் சொல்வது? நம்பிக்கையைச் செலவழித்துத் தீர்த்துவிட்ட அரசு, உண்மையான நோயைச் சொன்னாலும் சாக்கு என்றே காதில் விழும். தொற்றுக் காலத்தில் அதுதான் பெரிய சுகாதாரக் கேடு.

அரசின் பக்கம் நியாயமே இல்லை என்றும் எழுதிவிட முடியாது. டெல்டா திரிபு அப்போது நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகஸ்ட் இறுதியில் ஒரு நாளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மயானங்களில் வரிசை. அந்த ஜூலையில் கூட்டங்களைப் பார்த்து ஒரு மருத்துவ அதிகாரி பயந்ததில் தவறில்லை. பயந்தவர் செய்யக்கூடியது என்ன என்பதே கேள்வி. 2020 ஏப்ரலில், தொற்றைப் பற்றி உலகுக்கு இன்னும் குறைவாகத் தெரிந்திருந்தபோது, டெல் அவிவின் ரபின் சதுக்கத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு மீற்றர் இடைவெளியில் தரையில் குறித்த இடங்களில் நின்று அரசைக் கண்டித்தார்கள். பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அதே மாதம் ஜெர்மனியின் கீஸன் நகரில் ஓர் ஆர்ப்பாட்டத்துக்கு விதிக்கப்பட்ட தடையை அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிகள் எல்லாக் கூட்டத்தையும் தடுக்கின்றன என்று நகர நிர்வாகம் தவறாக எடுத்துக்கொண்டது, இந்தக் கூட்டத்தை எப்படி அனுமதிக்கலாம் என்று யோசிக்கவே இல்லை என்றது. இடைவெளி, எண்ணிக்கை, நேரம் என்று பேரம் பேச எவ்வளவோ இருந்தது. நம்மிடம் அந்தப் பேச்சே நடக்கவில்லை. கொவிட் தடுப்புச் செயலணியின் தலைமையில் இராணுவத் தளபதி, முகாம்கள் முப்படையிடம், வீதியில் பொலிஸ். வெள்ளைக் கோட் போட்டவர் கையொப்பமிட மட்டும் வேண்டியிருந்தார்.

கேப்பாப்புலவு என்ற பெயரைத் தெற்கில் பலர் அந்த வாரம்தான் முதன்முதலில் கேட்டிருப்பார்கள். நமக்கு அது புதிதல்ல. போரில் துரத்தப்பட்டு, மெனிக் பாம் முகாம் 2012இல் மூடப்பட்டபோதும் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் மாதிரிக் கிராமத்தில் இறக்கிவிடப்பட்ட சனம் அது. 2017 ஜனவரி கடைசியில் பிலக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைகளோடு அந்த விமானப்படை முகாமின் வாசலில் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கேயே சமைத்தார்கள், அங்கேயே படுத்தார்கள். மாசிப் பனியில் ஒரு மாதம் கிடந்து அந்தக் குடியிருப்பை மீட்டார்கள். இராணுவம் வைத்திருந்த மற்றக் காணிக்காக அதன் பிறகும் போராட்டம் நீண்டது. கல்விக்குள் படை வரவேண்டாம் என்றவர்களை அடைக்க, ஒரு கிராமத்துக்குள் படை வந்து உட்கார்ந்த இடமே கிடைத்தது.

ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினார்கள். கைதுகளைக் கண்டித்துத் தொடங்கியது, சம்பள முரண்பாட்டுக் கோரிக்கையோடு சேர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது. நாடு முழுதும் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருந்து, யாரோடும் முட்டாமல், மடிக்கணினியை மூடிவைத்து நடந்த வேலைநிறுத்தம். அதைக் கலைக்கப் பொலிஸாரிடம் பஸ் இருக்கவில்லை. கேப்பாப்புலவில் அடைக்கப்பட்டவர்கள் ஜூலை நடுப்பகுதியில் வீடு திரும்பினார்கள். அந்த ஊரின் காணி முழுதும் இன்னும் விடுபடவில்லை.