அமைதி மாத்திரையும் குருட்டு நம்பிக்கையும்

மன நடுக்கத்திற்கென்றும், தூக்கமின்மைக்கென்றும் அல்பிரசோலம் என்கின்ற மாத்திரையை நம் நாட்டில் ஏராளமான பேர்கள் விழுங்கி வருகின்றார்கள் என்பது யாவரும் அறிந்ததேயாகும். பேயோட்டுகிறவனிடமும், மந்திரிக்கிறவனிடமும் ஓடுவதை விட்டு வைத்தியரிடம் போகும்படியான புத்தி வந்ததைப் பற்றி நாம் சந்தோஷப்படுகின்றோம். ஆனால் தாயத்துக் கட்டிக் கொண்ட அதே மனப்பான்மையோடு மாத்திரையையும் விழுங்குவதானால், தாயத்துதான் மாறிற்றே ஒழிய அடிமைப் புத்தி மாறியதாகுமா என்று கேட்கின்றோம்.

இம்மாத்திரை பொய் மருந்தல்ல. மூளையில் நரம்புகளின் படபடப்பை அடக்குவதற்குக் காபா என்னும் ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கின்றது. அதன் வேலையை இம்மருந்து பலப்படுத்துகின்றது. அதனாலேயே திடீரென்று பெரும் பீதி பிடித்து மார்பு அடைத்துத் தவிக்கின்றவருக்கு இது விரைவில் சாந்தி அளிக்கின்றது. ஆனால் தினமும் விழுங்க விழுங்க மூளை அதற்குப் பழகிப் போகின்றது. பிறகு பழைய அளவு போதுவதில்லை. நிறுத்தினாலோ, முன்னிருந்ததைவிட அதிகமான பயமும், தூக்கமின்மையும், சில சமயங்களில் வலிப்பும், உயிருக்கே ஆபத்தும் வந்து சேருகின்றன.

இது நம்முடைய கற்பனையல்ல. இதே இனத்தைச் சேர்ந்த வாலியம் 1963ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது கவலைக்கெல்லாம் மருந்து கிடைத்துவிட்டதாகவே கொண்டாடினார்கள். 25 வருஷங் கழித்து, 1988ல், இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்புக் கமிட்டியார் இவ்வின மருந்துகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் கொடுக்கலாகாது என்று புத்தி சொன்னார்கள். அமெரிக்க சர்க்கார் 2020ல் இவற்றின் மேல் தங்களுடைய கடுமையான எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிடச் செய்தார்கள்.

நம் நாட்டிலும் சட்டத்திற்குக் குறைவில்லை. 2014 மார்ச் 1 முதல் இது எச்1 அட்டவணையில் சேர்ந்த மருந்தாகும். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. எழுதிக் கொடுத்தவர் பெயர், வாங்குகிறவர் பெயர், கொடுத்த அளவு ஆகியவைகளைத் தனி ரிஜிஸ்டரில் பதிந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அப்படியிருக்க, பழைய சீட்டைக் காட்டி மறுபடியும் மறுபடியும் வாங்குவதும், அடுத்த வீட்டம்மாளுக்குக் கேட்டது என்று தானும் வாங்கி விழுங்குவதும் எப்படி நடக்கின்றன? காசு வாங்கும் கைக்கு ரிஜிஸ்டர் எழுத மாத்திரம் ஓய்வில்லையா?

வைத்தியர்களையும் ஒன்று கேட்கின்றோம். ஆரம்பிக்கின்ற அன்றே முடிகின்ற நாளைச் சொல்லாமல் "இதையே சாப்பிட்டு வாருங்கள்" என்று அனுப்புவது வைத்தியமாகுமா? எதற்காக, எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்று கேட்டால் கோபிக்கின்ற டாக்டருக்கும், கேள்வி கேட்டால் பாவம் என்கின்ற புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்?

பெண்கள் விஷயம் இதைவிடப் பரிதாபமானது. பகலெல்லாம் அடுப்படியிலும், இரவெல்லாம் ஏச்சிலும் கிடந்து தூக்கமிழந்தவளுக்கு மாத்திரை ஒன்றைக் கொடுத்துப் படுக்கச் சொல்லிவிட்டால் வீட்டாருக்குத் தொல்லை தீர்ந்தது. அவளை வாட்டுகின்ற காரணமோ அப்படியேதான் இருக்கும். சத்தம் போடாமலிருக்கச் செய்வதற்குப் பெயர் சிகிச்சையா?

இதைக் கேட்டவுடன் சிலர், அப்படியானால் இன்றே மாத்திரையைத் தூக்கியெறிந்து விடுகின்றோம் என்று கிளம்பக்கூடும். அதுவும் மூடத்தனமேயாகும். நாள்பட்டுச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தவே கூடாது. டாக்டருடைய மேற்பார்வையில் வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ கொஞ்சங் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சாராயத்தோடும், டிரமடால், கோடீன் போன்ற அபின் இன மருந்துகளோடும் இதைச் சேர்த்தால் மூச்சே அடங்கிப் போகலாம். இதைச் சாப்பிட்டு விட்டு வண்டி ஓட்டலாகாது. வயதானவர்களுக்கு இதனால் தள்ளாட்டமும், விழுந்து எலும்பு முறிவதும், ஞாபக மறதியும் நேரும். கர்ப்பிணிகளும், மூச்சு நோயுள்ளவர்களும் அதை முன்னதாகவே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

பயத்திற்கு வேறு வழியும் உண்டு. பயத்தின் காரணத்தை ஆராய்ந்து, பழக்கத்தை மாற்றிக் குணப்படுத்தும் பேச்சு வைத்தியம் இருக்கின்றது. பழக்கத்திற்கு அடிமைப்படுத்தாத வேறு மருந்துகளும் இருக்கின்றன. 2022ல் சர்க்கார் ஆரம்பித்த டெலி மானஸ் என்னும் இலவச உதவிக்கு 14416 என்கின்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். மனநோய் என்றால் வெட்கம் என்று மூடி வைக்கின்ற வீட்டில்தான் மாத்திரை டப்பா தலையணைக்கடியில் ஒளிகின்றது.

ஆகவே தோழர்களே! மருந்தைக் கும்பிடவும் வேண்டாம், சபிக்கவும் வேண்டாம். கையில் சீட்டு வந்தவுடன் "இது என்றைக்கு முடியும்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கின்ற வரையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டாமென்றே சொல்லுகின்றோம்.