பழைய டீசல் வண்டி வாங்குவோர்க்கு

ஊருக்குக் குடும்பத்தோடு போய்வர ஏழு பேர் அமரும் பழைய டீசல் வண்டி வாங்கலாமா என்று நம் மர்பி டவுன் அன்பர்கள் சிலர் வினவுகின்றனர். அவர்கள் நாடுவது பெரும்பாலும் மாருதி எர்டிகா. 2012-இல் வெளிவந்த அவ்வண்டியின் 1,248 சி.சி. டீசல் இயந்திரம் நல்ல உழைப்பாளி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது அந்நிறுவனம் டீசல் கார்களைக் கைவிட்டது. ஆகவே இன்று கிடைப்பவை யாவும் பழையனவே.

விற்பவர் இயந்திரத்தை முன்னரே சூடேற்றி வைத்திருக்கலாம். காலையிலேயே சென்று, பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை நில்லாது வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறதென்று பொருள். பிறகு வீட்டார் அனைவரையும் ஏற்றி மேட்டில் ஓட்டுங்கள்; இரைச்சல் மிகுந்தும் வேகம் ஏறாவிடில் கிளட்ச் தேய்ந்திருக்கும். ஏழு பேரும் அமர்ந்தால் மூட்டைகளுக்கு இடம் சொற்பமே என்பதையும் அப்போது காண்பீர்கள்.

ஊரில் மலிவு என்று தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் கர்நாடகப் பதிவெண் பெறவேண்டும்; வாழ்நாள் வரியும் செலுத்தவேண்டும். மேலும், பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். 2012-ஆம் ஆண்டு வண்டிக்கு 2027-இல் புதுப்பித்தல் வந்துவிடும். இவற்றையும் விலையோடு கூட்டிப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணமன்றோ!