லயத்திலிருந்து ஒரு வேட்பாளர்: எங்கள் நிலைப்பாடு

கேரளத்தின் அருவிக்கரை சட்டமன்றத் தொகுதியில் தோட்டத் தொழிலாளி ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்துவதென்று வித்துராவில் கூடிய எங்கள் பொதுக்குழு முடிவு செய்திருக்கிறது. "ஓட்டைப் பிரிக்கத்தானே?" என்று மறுநாளே கேட்டார்கள். அவர்களுக்கு எங்கள் பதில் இது.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களை, அதாவது தொழிலாளர் குடியிருப்புகளை, பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஓட்டைத் தகரத்தின் மேல் தார்ப்பாய், அது பறக்காமலிருக்க அதன்மேல் கல். வெட்டுவாரில்லாமல் தேயிலைச் செடி மரமாகிவிட்டது. சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் கைக்கு வராமலே பலர் ஓய்வு பெற்றார்கள். கிராஜுவிட்டியை 30 நாளில் கொடுக்கச் சொன்னது 1972ஆம் ஆண்டுச் சட்டம். குடியிருப்பு நிர்வாகத்தின் பொறுப்பு என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நிர்வாகம் கைகழுவிய தோட்டத்தில் அதை நடத்திக் காட்ட வேண்டியது மாநில அரசு. அரசை எழுந்து நின்று கேட்கும் இடம் சட்டமன்றம். அங்கே லயத்து ஆள் ஏன் போகக் கூடாது?

மூணாறில் 2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்துத் தமிழ்ப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டார்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு 20 சதவீதத்தை வாங்கினார்கள். அந்த ஆண்டே உள்ளாட்சித் தேர்தலில் அவர்களில் ஒருவரான கோமதி பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். பிறகு இயக்கம் பிளவுபட்டது. அந்தப் பாடமும் எங்களுக்குத் தெரியும்.

ஜெயித்துவிடுவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. 140 பேர் சபையில் ஒரு சுயேச்சை எவ்வளவு என்பதும் புரியாமலில்லை. ஆறில் ஒரு பங்கு ஓட்டு கிடைக்காவிட்டால் டெபாசிட் 10,000 ரூபாய் போய்விடும், போகட்டும். ஆனால் ஓட்டுக் கணக்கு பூத் வாரியாக வெளிவரும். லயத்துப் பூத்தில் எத்தனை பேர் தங்களுக்குக் குத்தவில்லை என்பதை எல்லாக் கட்சி ஆபீசும் எண்ணிப் பார்க்கும். இத்தனை காலம் கொடுத்த மனுக்களை அப்படி யாரும் படித்ததில்லை.

"தமிழர் கட்சி" என்று ஒரு பேச்சும் கிளம்பியிருக்கிறது. காணிப் பழங்குடி மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சேர வேண்டிய பட்டாவும் எங்கள் கோரிக்கையில் உண்டு. மலையாளிகள் வீட்டு வாசலில் மலையாளத்தில்தான் ஓட்டுக் கேட்போம்.

வாபஸ் வாங்கச் சொல்லித் தூது வருகிறது. பாக்கித் தொகை முழுவதும் தொழிலாளர் கணக்கில் ஏறினால் வாங்குகிறோம். உறுதிமொழிக் கடிதம் வேண்டாம்; அது எங்களிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது.