கேட்டுத்தான் காது குத்தினோமா?

இரத்தினபுரி டவுனில் மாணிக்க வியாபாரம் செய்யும் முஸ்லிம் வீட்டில் பிள்ளைக்குச் சுன்னத்து. மேலே இறப்பர் தோட்டத்து லயத்தில் நம் பிள்ளைக்குக் காதுகுத்து. இரண்டு வீட்டிலும் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. தாய்மாமன் மடியில் கதறும் குழந்தையின் வாயில் சீனியை வைத்து அடக்கிப் பழகிய நாம், சுன்னத்தைப் பற்றிப் பேசும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வது நல்லது. ஆனாலும் காதுத் துளை தூர்ந்துபோகும். வெட்டிய தோல் திரும்பாது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் நாலு வயதுப் பையனுக்குப் பெற்றோர் கேட்டபடி ஒரு டாக்டர் சுன்னத்துச் செய்தார். இரண்டு நாளில் இரத்தப்போக்கு. பெற்றோர் சம்மதித்தாலும் இது உடற்காயமே என்றது 2012 மே மாதத் தீர்ப்பு. டாக்டரை மட்டும் விடுவித்தது. யூதரும் முஸ்லிம்களும் சேர்ந்தே கொதித்தார்கள். அந்த டிசம்பரிலேயே பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: செய்யலாம், ஆனால் மருத்துவ முறைப்படி, பெற்றோருக்கு விளக்கிச் சொன்ன பிறகு.

அந்த 'விளக்கிச் சொன்ன பிறகு' என்பதில்தான் நம் கண் நிற்கிறது. இரத்தம் உறையாத நோய் உள்ள குடும்பத்தில் இந்தச் சின்ன வெட்டும் உயிரை வாங்கலாம். இப்படி இரண்டு மகன்களைப் பறிகொடுத்த தாயின் மூன்றாம் பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று யூதரின் தல்மூத் எப்போதோ விலக்குத் தந்துவிட்டது. சம்பிரதாயத்துக்குக் கண்ணில்லை என்று வாதாடுகிறவர்கள் இதையும் பார்க்கட்டும்.

முஸ்லிம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு ஒஸ்தா மாமிகள் செய்யும் சுன்னத்து வேறு கதை. அதில் மருத்துவப் பயன் எதுவும் இல்லை. வைத்தியர்கள் அதைச் செய்யக்கூடாது என்று 2018இல் நமது சுகாதார அமைச்சே சுற்றறிக்கை விட்டது. அங்கே தாயின் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். முன்தோல் இறுகி மூத்திரம் போக முடியாமல் தவிக்கும் பிள்ளையைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். வெட்ட வேண்டும் என்கிறார் டாக்டர். அதற்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும்; சம்மதத்துக்குக் கையெழுத்து வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதியாகிவிட்டது. ஆனால் நீட்டப்படும் தாள் சிங்களத்தில் இருக்கிறது, நர்ஸ் மிஸ்ஸின் விளக்கமும் சிங்களத்தில்தான். காலையில் பால் வெட்டிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு தகப்பன் கேட்பது ஒன்றுதான்:

"எந்த எடத்துலங்க ஐயா போடணும்?"