படத்துக்கும் பதில் சொல்ல ஆள் வேண்டும்

2008 ஆகஸ்ட் மாத ‘வோக் இந்தியா’ இதழில் 16 பக்கங்களுக்கு ஒரு படத்தொகுப்பு வெளியானது. முன்பற்கள் விழுந்த மூதாட்டி ஒருவர் குழந்தையை வைத்திருக்கிறார். குழந்தையின் கழுத்தில் சுமார் 100 டாலர் விலையுள்ள ஃபெண்டி துண்டு. மூன்று பேர் நெருக்கியடித்துப் போகும் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையில் 10,000 டாலருக்கும் மேல் விலைபோகும் ஹெர்மீஸ் பை. செருப்பில்லாமல் நிற்கும் ஒருவரிடம் பர்பெரி குடை. படக்குறிப்புகளில் பொருட்களின் நிறுவனப் பெயர்கள் இருந்தன. மனிதர்களுக்கோ ‘பெண்’, ‘ஆண்’ என்பதைத் தாண்டி அடையாளம் தரப்படவில்லை. வறுமையை அலங்காரப் பொருளாக்கிவிட்டார்கள் என்று அப்போது கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால், அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி பேசப்படாமலே போய்விட்டது. பெயரில்லாத மனிதர்களை வைத்து 16 பக்கக் கட்டுரை ஒன்றை ஒரு நிருபர் கொடுத்திருந்தால், “இவர்கள் யார், இவர்களிடம் கேட்டீர்களா?” என்று ஆசிரியர் குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். படத்தைக் கொண்டுவருபவரிடம் ஏன் அப்படிக் கேட்பதில்லை? ஃபேஷன் இதழின் கிரியேட்டிவ் டைரக்டர் செய்வது அலங்கார வேலை அல்ல, பத்திரிகை வேலை. எழுத்துக்கு ஆசிரியர் பொறுப்பேற்பதுபோல படத்துக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த வேலையின் தன்மையைப் பார்த்தாலே இது விளங்கும். எந்த உடை, எந்த மாடல், எந்த இடம், எந்தப் புகைப்படக்காரர், எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எது, அது எத்தனை பக்கம், எதற்கு அடுத்து என்பதெல்லாம் முடிவாகும் மேசை அவருடையது. 1934 முதல் 1958 வரை நியூயார்க்கில் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழின் கலை இயக்குநராக இருந்த அலெக்ஸி புரோடோவிச் இதற்கு நல்ல உதாரணம். வடிவமைத்த பக்கங்களின் நகல்களைத் தரையில் வரிசையாகப் பரப்பிவைத்து, முழு இதழையும் ஒரே பார்வையில் பார்த்து, இடம் மாற்றி மாற்றி அடுக்குவார். படத்தைத் தயங்காமல் வெட்டுவார். பக்கத்தின் பெரும்பகுதியை வெள்ளையாக விட்டுவிடுவார். எழுத்துப் பத்தியை உடையின் வளைவுக்கு ஏற்ப வளைப்பார். வாசகரின் கண் எதில் நிற்க வேண்டும், எதைக் கடந்து போக வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர். எதை முதல் பக்கத்தில் போடுவது, எதை உள்ளே தள்ளுவது என்று செய்தி ஆசிரியர் எடுக்கும் முடிவும் இதே இனம்தான். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. 1892-இல் தொடங்கிய அமெரிக்க ‘வோக்’ இதழின் அட்டைப்படத்தை ஒரு கறுப்பினப் புகைப்படக்காரர் முதன்முதலாக எடுத்தது 2018 செப்டம்பர் இதழுக்காக. பியான்சேயைப் படம்பிடித்த டைலர் மிட்செலுக்கு அப்போது 23 வயது. அதற்கு முந்தைய 126 ஆண்டுகள் தற்செயலாகக் கழிந்துவிடவில்லை. ஒவ்வொரு இதழுக்கும் யாரோ ஒருவர் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்.

“ஃபேஷன் இதழ் கனவுகளின் இடம், அதில் போய் உண்மையைத் தேடலாமா?” என்று கேட்பார்கள். இது வலுவான ஆட்சேபம். செய்திப் படத்துக்கான விதி மிகக் கறாரானது. 2014-இல் ஏபி செய்தி நிறுவனம், சிரியாவில் எடுத்த படத்தின் மூலையில் தெரிந்த ஒரு வீடியோ கேமராவை அழித்ததற்காக ஒரு புகைப்படக்காரருடனான உறவையே முறித்துக்கொண்டது. அந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஃபேஷன் புகைப்படக் கலையே இருக்காது. நான் அதைக் கேட்கவில்லை. 1955-இல் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றில் டியோர் அங்கி அணிந்த மாடல் டோவிமாவை யானைகளுக்கு நடுவே நிறுத்தி ரிச்சர்ட் அவிடன் எடுத்த படம் முழுக் கற்பனை. 2003 டிசம்பர் ‘வோக்’ இதழுக்காக கிரேஸ் காடிங்டனும் புகைப்படக்காரர் ஆனி லீபோவிட்ஸும் அமைத்த ‘ஆலிஸ்’ கதைக் காட்சிகளும் அப்படித்தான். அவற்றில் புகழ்பெற்ற உடை வடிவமைப்பாளர்களே கதாபாத்திரங்களாக வந்தார்கள். இந்தப் படங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தாங்கள் கனவு என்பதை அவை முதல் பார்வையிலேயே சொல்லிவிடுகின்றன. ஒரு பெண்ணின் இடுப்பைக் கணினியில் செதுக்கி, தோலை வெளுப்பாக்கி, “இவர் இப்படித்தான் இருக்கிறார்” என்று காட்டும்போதுதான் கனவு பொய்யாகிறது. அந்தப் பொய்யின் விலையைக் கண்ணாடி முன் நிற்கும் வாசகர் கொடுக்கிறார். மாநிறமும் கறுப்புமாக வாழும் நம் ஊர்ப் பெண்கள் அதைத் தலைமுறைகளாகக் கொடுத்துவருகிறார்கள்.

கனவுக்கும் பொய்க்கும் இடையிலான கோட்டை எங்கே போடுவது என்பதைக் காடிங்டனிடமே கற்கலாம். வேல்ஸில் பிறந்து, மாடலாகத் தொடங்கி, 1968-இல் பிரிட்டிஷ் ‘வோக்’கில் இளநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பிற்பாடு அமெரிக்க ‘வோக்’கின் கிரியேட்டிவ் டைரக்டராக இருபதாண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர் அவர். ‘தி செப்டம்பர் இஷ்யூ’ என்ற ஆவணப்படத்தில் ஒரு காட்சி வருகிறது. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளரையே ஃபேஷன் படம் ஒன்றுக்குள் இழுத்து, மாடலோடு சேர்ந்து குதிக்கவைக்கிறார் காடிங்டன். படத்தில் அந்த ஒளிப்பதிவாளரின் தொந்தி தெரிகிறது. அதைச் சரிசெய்துவிடலாம் என்ற பேச்சு அலுவலகத்தில் எழுகிறது. கூடாது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று உடனே சொல்லி அதைத் தடுக்கிறார் காடிங்டன். யானையையும் ஆலிஸையும் கொண்டாடும் கற்பனையும், ஒரு மனிதனின் வயிற்றில் கை வைக்க மறுக்கும் நேர்மையும் ஒரே தொழிலுக்குள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

“விளம்பரதாரர் பணம் கொடுக்கிறார், தலைமை ஆசிரியர் முடிவெடுக்கிறார், நடுவில் இருப்பவரை மட்டும் குற்றம் சொல்வது சரியா?” என்பது அடுத்த கேள்வி. அழுத்தம் உண்மையானது. மேற்சொன்ன ஆவணப்படம் பின்தொடரும் 2007 செப்டம்பர் இதழுக்கு 840 பக்கங்கள். அவற்றில் பெரும்பான்மை விளம்பரங்கள். காடிங்டன் ஆசையாக எடுத்த படங்கள் பல, ஆசிரியர் அன்னா வின்டூரின் மேசையில் கழித்துக்கட்டப்படுவதையும் அதே படத்தில் பார்க்கிறோம். ஆனால், இதே அழுத்தம் செய்தித்தாள் ஆசிரியருக்கும் உண்டு. அதைச் சொல்லி அவரை நாம் விடுவிப்பதில்லை. விளம்பரம் நிறைந்த இதழாலும் உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. முன்னாள் மாடலான லீ மில்லர், புக்கன்வால்ட் நாஜி வதைமுகாமில் எடுத்த பிணக்குவியல் படங்களை அமெரிக்க ‘வோக்’ 1945 ஜூன் இதழில் வெளியிட்டது. ‘நம்புங்கள்’ என்பதே அதன் தலைப்பு. நம்பச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று ஒரு ஃபேஷன் இதழ் அன்று எண்ணியது. அந்த உரிமையைக் கோருகிற இதழ், பிற நாட்களில் பொறுப்பை உதற முடியாது.

இனி அச்சு இதழ்களுக்கு என்ன செல்வாக்கு, எல்லாம் கைபேசிக்குப் போய்விட்டதே என்று சொல்வோரும் உண்டு. அதனால்தான் இந்தப் பேச்சு இப்போது அவசரமாகிறது. 2025 ஆகஸ்ட் அமெரிக்க ‘வோக்’ இதழில் வந்த கெஸ் நிறுவனத்தின் விளம்பரத்தில் சிரித்த பெண், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவர். ஓரத்தில் சிறிய எழுத்தில் அந்தக் குறிப்பு இருந்தது. அது விளம்பரம்தான், இதழின் சொந்தப் படைப்பு அல்ல. ஆனாலும், அந்தத் தொழில்நுட்பத்துக்கும் இதழின் சொந்தப் பக்கங்களுக்கும் நடுவே நிற்கப்போவது கிரியேட்டிவ் டைரக்டரின் மனசாட்சி ஒன்றுதான். நடந்ததையும் நடக்காததையும் கண்ணால் பிரித்தறிய முடியாத காலத்தில், “இந்தப் பெண் இருக்கிறார், இந்த உடையை உடுத்தினார்” என்று பெயரைப் போட்டுச் சொல்பவருக்கு மதிப்பு கூடவே செய்யும்.

ஆகவே, இதழ்கள் தாங்களாகவே சில நெறிகளை ஏற்கலாம். படத்தில் இருப்பவர் தொழில்முறை மாடல் ஆனாலும் தெருவில் நின்றவர் ஆனாலும், அவர் சம்மதத்தோடு பெயரைப் போட வேண்டும். உடல்வாகையும் தோல் நிறத்தையும் மாற்றியிருந்தால் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும். பிரான்ஸில் விளம்பரப் படங்களில் மாடலின் உடலமைப்பைத் திருத்தினால் அறிவிக்க வேண்டும் என்பது 2017 அக்டோபர் முதல் சட்டமாகவே இருக்கிறது. கணினி உருவாக்கிய முகத்தைப் படிக்கக்கூடிய அளவு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாசகர் கேள்வி எழுப்பினால் அந்தப் படத்தொகுப்பின் பொறுப்பாளர் தன் பெயரில் பதில் எழுத வேண்டும். இவற்றில் எதுவும் கற்பனைக்கு விலங்கு அல்ல. சென்னை நிஃப்ட் போன்ற ஃபேஷன் கல்வி நிலையங்களிலிருந்து இந்தத் துறைக்குப் போகும் இளைஞர்களுக்கு வண்ணமும் வெட்டும் கற்றுத்தருகிறோம். படம் என்பது ஒரு கூற்று, கூற்றுக்குப் பொறுப்பு உண்டு என்பதையும் அதே வகுப்பில் கற்றுத்தர வேண்டும்.