கஞ்சாச் சட்டம்: கடைகளுக்குக் கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் கஞ்சா சட்டபூர்வமானதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அதை லிபரல் கட்சியின் துணிச்சலான சாதனை என்று புகழ்ந்திருந்தது. ஓர் அரசியல் கட்சி இப்படியான விடயத்தை வெளிப்படையாகத் தூக்கிப் பிடிப்பது நல்லது, மற்றக் கட்சிகளும் இதைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்தப் புகழ்ச்சியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கொஞ்சம் கஞ்சா வைத்திருந்ததற்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்பதுதான் என் நிலைப்பாடும். கோயிலிலும் கலியாண வீட்டிலும் இதைச் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆகவே என் கோபம் சட்டம் வந்ததில் அல்ல. யாருடைய பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டார்களோ, அந்தப் பிள்ளைகளைச் சட்டம் வந்த நாளிலேயே கைவிட்டார்களே, அதில்தான் கோபம்.

2012 ஜனவரியில் ஒட்டாவாவில் நடந்த லிபரல் மாநாட்டில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் தீர்மானம் நிறைவேறியது. 2013இல் கட்சித் தலைவர் ஜஸ்ரின் ட்ரூடோ அதைத் தன் கொள்கையாக அறிவித்தார். 2015 தேர்தலில் அது கட்சியின் வாக்குறுதியாகவே வந்தது. அப்போது சொன்ன காரணங்கள் எனக்கு நல்ல ஞாபகம்: பழைய சட்டம் சிறுவர்களைத் தடுக்கவில்லை, இலாபம் குற்றக் கும்பல்களுக்குப் போகிறது, சின்னக் குற்றத்துக்காக அளவுக்கு அதிகமானோர் நீதிமன்றமும் குற்றப்பதிவுமாக அலைகிறார்கள். இந்த மூன்றாவது காரணத்துக்காகத்தான் என்னைப் போன்றவர்கள் வாக்குப் போட்டோம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2018 யூன் 21 அன்று கஞ்சாச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அதே நாளில், ஒருபாலுறவுக்காக முன்னர் தண்டிக்கப்பட்டவர்களின் பதிவுகளை முற்றாக அழிக்க வழிசெய்யும் சட்டமும் ஒப்புதல் பெற்றது. அநியாயமான பழைய பதிவை அழிப்பது எப்படி என்று அரசுக்குத் தெரியும், செய்தும் காட்டியது. கஞ்சா வழக்குகளுக்கு மட்டும் அதைச் செய்யவில்லை. ஒக்ரோபர் 17 அன்று விற்பனை தொடங்கியபோது, பழைய பதிவுகாரருக்குக் கிடைத்தது 'இனிமேல் பார்ப்போம்' என்ற ஓர் அறிவிப்புத்தான்.

அவர்களுக்கு மன்னிப்புத் தரும் சட்டம் 2019 ஓகஸ்ட் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தானாக நடப்பதில்லை. ஒவ்வொருவரும் விண்ணப்பிக்க வேண்டும். அப்போதைய விண்ணப்பக் கட்டணமான 631 டொலர் தள்ளுபடி என்பதைப் பெரிதாகச் சொன்னார்கள். கைரேகை எடுக்கும் செலவையும், நீதிமன்றப் பத்திரம் எடுக்கும் செலவையும், பொலிஸ் பதிவு எடுக்கும் செலவையும் யார் கட்டுவது என்பதைச் சொல்லவில்லை.

ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் தொண்டு வேலை செய்கிறேன். அங்கே ஒரு தாய் மரக்கறிக் கடைப் பை ஒன்றில் மகனுடைய கடதாசிகள் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயதில் ஒரு பிளாசா வாகனத் தரிப்பிடத்தில் நண்பனின் காருக்குள் இருந்தபோது பிடிபட்ட பிள்ளை. சட்டைப் பையில் சிறு பொட்டலம். குற்றத்தை ஒப்புக்கொள், அபராதத்தைக் கட்டு, வீட்டுக்குப் போ என்று நீதிமன்றத்தில் யாரோ சொல்ல, அப்படியே செய்திருக்கிறான். இப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது, இரண்டு பிள்ளைகள். பண்டகசாலையில் இரவு வேலை. லொறி லைசன்ஸ் எடுத்தும் அமெரிக்க எல்லை தாண்டும் ஓட்டங்களுக்குப் போக முடியாமல் இருக்கிறான்.

"கடையிலை வைச்சு விக்கிறாங்கள் அக்கா. என்ரை பெடியன்ரை பேரிலை மட்டும் ஏன் இன்னும் கிடக்கு?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நாங்கள் படிவத்தைத் தொடங்கினோம். கைரேகை எடுத்து அனுப்பி, மத்திய பொலிஸின் பதிவு வர வேண்டும். வழக்கு நடந்த நீதிமன்றத்திலிருந்து தீர்ப்பு விபரம் எடுக்க வேண்டும். இருந்த இடத்துப் பொலிஸிடமும் பத்திரம் வாங்க வேண்டும். இரவு வேலை முடித்து வந்த பிள்ளை நித்திரை கொள்ளாமல் நீதிமன்ற யன்னலில் போய் நின்றால், பழைய கோப்பு வேறு இடத்தில் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்றார்கள். அடுத்த முறையும் சம்பளம் போயிற்று. அந்தக் கடைப் பை இன்னும் அவர்கள் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது.

இவன் ஒருவன் கதை அல்ல இது. சிறு அளவு கஞ்சா வைத்திருந்த வழக்கில் பதிவு உள்ளோர் இரண்டரை இலட்சம் அளவில் இருக்கலாம் என்று அந்த மன்னிப்புச் சட்டம் விவாதிக்கப்பட்ட காலத்தில் பேசப்பட்டது. பத்தாயிரம் பேர் விண்ணப்பிப்பார்கள் என்று அரசே கணக்குப் போட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் நிவாரணம் பெற்றவர்கள் சில நூறு பேர்தான். கிடைத்தவர்களுக்கும் பதிவு அழியவில்லை, தனியே எடுத்து வைக்கப்பட்டது. இன்னொரு குற்றத்தில் அகப்பட்டால் அது திரும்பி வரலாம். அமெரிக்க எல்லை அதிகாரி இந்த மன்னிப்பைக் கணக்கில் எடுப்பதேயில்லை.

பதிவுகளை முற்றாக அழிக்க வேண்டும் என்று புதிய ஜனநாயகக் கட்சியின் முறே ராங்கின் 2018இல் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். லிபரல் பெரும்பான்மை இருந்த சபையில் அது தோற்றது. ஒருபாலுறவுச் சட்டம் மனித உரிமையையே மீறிய சட்டம், கஞ்சாத் தடை அப்படிப்பட்ட வரலாற்று அநீதி அல்ல என்பது அரசின் வாதம். ரொறன்ரோவில் யார் வீதியில் மறிக்கப்பட்டார்கள், யார் மறிக்கப்படவில்லை என்று அந்த வாதத்தைச் சொன்னவர்களுக்குத் தெரியாதா? முன்பு குற்றப் பின்னணி எதுவும் இல்லாதவர்களுக்குள்ளேயே கறுப்பினத்தவர் வெள்ளையரைவிடப் பல மடங்கு அதிகமாகக் கஞ்சா வழக்கில் கைதானதை 2017இல் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை பொலிஸின் தரவுகளைக் கொண்டே எழுதியது. கஞ்சாச் சட்டத்தை நடத்திச் செல்லும் பொறுப்பு ரொறன்ரோவின் முன்னாள் பொலிஸ் தலைவர் பில் பிளேயரிடம்தான் இருந்தது.

இதில் எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. 2017இல், பிரதமராக இருந்தபோது, ஒரு நேர்காணலில் ட்ரூடோவே தன் தம்பி மிஷெல் பற்றிச் சொன்னார். வீதி விபத்து ஒன்றுக்குப் பிறகு மிஷெலிடம் சிறிதளவு கஞ்சா அகப்பட்டு வழக்குப் பதிவானது. தந்தை பியர் ட்ரூடோ தனக்குத் தெரிந்த சட்டத்துறை நண்பர்களைப் பிடித்து, நல்ல வழக்கறிஞரை வைத்து, குற்றச்சாட்டு இல்லாமல் போகச் செய்தார். வசதியில்லாத குடும்பங்களுக்கு இது கிடைக்காது, அதனால்தான் சட்டத்தை மாற்றுகிறோம் என்றும் பிரதமர் சொன்னார். மனம் திறந்து சொன்ன வார்த்தை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அப்படியானால், வசதியில்லாத அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கை அல்லவா முதல் வாசகமாகச் சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்?

2022 நவம்பரில் நிறைவேறிய C-5 சட்டத்தில், போதைப்பொருள் வைத்திருந்த பழைய பதிவுகளை இரண்டு ஆண்டுகளுக்குள் தனியே ஒதுக்கும்படி ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதுவும் புதிய ஜனநாயகக் கட்சி வற்புறுத்திச் சேர்த்த திருத்தம். ஒதுக்கி வைத்த பதிவும் அழிந்த பதிவு ஆகாது.

நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ள எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைக் கட்டுரை தொடவேயில்லை. கஞ்சாச் சட்டத்தோடு துணைச் சட்டமாக, அதே யூன் 21 அன்று, போதையில் வாகனம் ஓட்டுவது பற்றிய சட்டமும் ஒப்புதல் பெற்றது. அதன்படி 2018 டிசெம்பர் 18 முதல் அந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாகியது. உச்சத் தண்டனை பத்து ஆண்டு என்றால் குடிவரவுச் சட்டத்தில் அது 'பாரதூரமான குற்றம்'. நீதிபதி அபராதத்தோடு விட்டாலும், பிரஜாவுரிமை எடுக்காத ஒருவர் நாடுகடத்தல் உத்தரவை எதிர்நோக்கலாம். குடித்துவிட்டு ஓட்டினாலும் இதுதான், கஞ்சா இழுத்துவிட்டு ஓட்டினாலும் இதுதான். போதையில் ஓட்டுபவரைத் தண்டிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் ஒரே குற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அபராதத்தோடு போக, இவர் போர் நடந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படலாம் என்பது தண்டனையல்ல, அநியாயம். கடையில் சட்டப்படி வாங்கிய பொருளால் பிள்ளை இந்த ஆபத்தில் விழலாம் என்பதை எந்தக் கடையிலும் எழுதி ஒட்டியிருப்பதை நான் காணவில்லை.

இலாபம் மட்டும் யாருக்கும் காத்திருக்கவில்லை. சட்டம் அமுலாகும் முன்பே, 2018 ஓகஸ்டில், கொன்ஸ்டலேஷன் என்ற அமெரிக்க மதுபான நிறுவனம் கனோப்பி குரோத் கஞ்சா நிறுவனத்தில் 500 கோடி டொலர் அளவில் முதலிடுவதாக அறிவித்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதைக் கடுமையாக எதிர்த்துவந்த முன்னாள் பொலிஸ் தலைவரும் கன்சர்வேட்டிவ் அமைச்சருமான ஜூலியன் ஃபன்ரினோ மருத்துவக் கஞ்சா நிறுவனம் ஒன்றின் தலைமைக்கே வந்தார். ஒன்ராறியோவில் 25 கடைகளோடு தொடங்கியது இன்று ஆயிரத்துக்கு மேல். மார்க்கம் நகரசபை கடை வேண்டாம் என்று மறுத்தபோது எங்கள் ஆட்கள் மகிழ்ந்தார்கள். ஸ்காபரோ ரொறன்ரோவுக்குள் இருப்பதால் கடை வேண்டுமா என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கஞ்சா கலந்த மிட்டாய்களைப் பற்றித் தாய்மார் படும் பயமும் நியாயமானது. கியூபெக் அவற்றை விற்க விடவில்லை, ஒன்ராறியோ விட்டது.

ஆகவே ஒரு கட்சி கஞ்சாவுக்காகக் கொடி பிடிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. பிடிக்கலாம். ஆனால் பழைய பதிவுகளை விண்ணப்பமில்லாமல், செலவில்லாமல், முற்றாக அழிக்கும் வாசகம் அதன் மசோதாவின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். கடை உரிமம் அதற்குப் பிறகு வரட்டும். அந்த வாசகம் இல்லாமல் கொடி பிடிக்கும் கட்சி எங்கள் பிள்ளைகளின் துயரத்தைக் காட்டி வாக்கு வாங்குகிறது என்றுதான் நான் சொல்வேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் தொகுதிகளில் வாக்குக் கேட்டு வரும் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் உங்கள் பத்திரிகைக்குப் பேட்டி தருகிறார்கள், விளம்பரமும் தருகிறார்கள். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கஞ்சா வழக்குப் பதிவுகளைத் தானாகவே அழிக்கும் சட்டத்துக்குக் கை உயர்த்துவீர்களா? அபராதத்தோடு முடிந்த வழக்குக்காக நிரந்தர வதிவாளரை நாடுகடத்தும் விதியை மாற்றுவீர்களா? ஆம் அல்லது இல்லை என்று அவர்கள் சொல்லும் பதிலைப் பெயரோடு, முன்பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ